பதித்த வீடியோவில் விளம்பரக் காசு யாருக்கு? தருமபுரி, கிருஷ்ணகிரி புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடியோ யாருடையதோ, விளம்பரக் காசும் அவருக்குத்தான். இன்னொருவரின் யூடியூப் வீடியோவை எடுத்து உங்கள் இணையதளத்தில் பதித்தால் (எம்பெட் செய்தால்), அதில் ஓடுகிற விளம்பரத்திலிருந்து உங்களுக்கு ஒரு பைசாவும் வராது. வீடியோவின் சொந்தக்காரரும் யூடியூபும் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் பக்கத்தில் புதிதாக இணையதளம் தொடங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒகேனக்கல் அருவி, பரிசல், மீன் வறுவல் என்று பிறர் சேனல்களிலிருந்து வீடியோக்களைத் தேடிப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பதிக்கிறார்கள். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் கைக்காசைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த உழைப்பெல்லாம் யாரோ ஒருவருடைய சேனலுக்குத்தான் வியூஸாகப் போய்ச் சேர்கிறது.

நம் இரண்டு மாவட்டங்களில் படமெடுக்க விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, இராயக்கோட்டை தக்காளி மண்டி, போச்சம்பள்ளி வாரச்சந்தை, ஓசூர் ரோஜாத் தோட்டம், தை பிறந்தால் எருது விடும் விழா, கோடையில் பாரதக் கூத்து. இதையெல்லாம் நீங்களே எடுங்கள், உங்கள் சேனலில் ஏற்றுங்கள். அப்புறம் உங்கள் இணையதளத்திலும் பதியுங்கள், பிறரும் பதிக்க விடுங்கள். விளம்பர வருமானத்துக்கு நேர்மையான வழி இதுதான், நிலைக்கிற வழியும் இதுதான். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு போகிற பாதை

ஒரு வீடியோவுக்கு முன்னாலோ நடுவிலோ விளம்பரம் ஓடுகிறது. விளம்பரம் கொடுத்தவர் யூடியூபுக்குப் பணம் கட்டுகிறார். நீளமான வீடியோ என்றால் அதில் 55 சதவீதம் சேனல்காரருக்கு வரும், மீதி யூடியூபுக்கு. அந்த வீடியோவை யூடியூப் செயலியிலேயே பார்த்தாலும் சரி, வேறொரு இணையதளத்தில் பதித்த பிளேயரில் பார்த்தாலும் சரி, கணக்கு இதேதான். பதித்த பக்கத்தின் சொந்தக்காரருக்கு இந்தப் பங்கீட்டில் இடமே கிடையாது.

விளம்பரம் ஓடுகிறது என்பதற்காகச் சேனல்காரர் சம்பாதிக்கிறார் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2021 ஜூன் முதல், பார்ட்னர் திட்டத்தில் (விளம்பரக் காசில் சேனல்காரருக்குப் பங்கு தருகிற யூடியூபின் திட்டம்) சேராத சேனல்களின் வீடியோக்களிலும் யூடியூப் விளம்பரம் போடலாம் என்று விதி மாறிவிட்டது. அந்தப் பணத்தில் சேனல்காரருக்குப் பங்கு இல்லை. "என் வீடியோல ஆட் வருதுண்ணா, காசு எப்ப வரும்?" என்று கேட்கிற தம்பிகளுக்குப் பதில் இதுதான்: திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் வரும், அதுவும் சேர்ந்த நாளுக்குப் பிந்தைய வியூஸுக்கு மட்டும். பழைய வியூஸுக்குப் பின்தேதியிட்டு எதுவும் தரமாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. உங்கள் வீடியோவில் வேறொருவரின் பாட்டு இருந்து, அவர் உரிமை கோரிவிட்டால், விளம்பரக் காசு அவருக்குப் போய்விடும். கூத்து வீடியோ எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதால் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பார்ட்னர் திட்டத்தில் சேர்வது

விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சப்ஸ்கிரைபர் வேண்டும். கூடவே, கடைசி 12 மாதங்களில் பொதுவில் வெளியிட்ட வீடியோக்களை மக்கள் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அல்லது கடைசி 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ் வந்திருக்க வேண்டும். 500 சப்ஸ்கிரைபர், 90 நாட்களில் 3 வீடியோ, 3000 மணி நேரம் என்று ஒரு கீழ்ப்படியும் இருக்கிறது. ஆனால் அந்தப் படியில் ரசிகர்கள் தருகிற சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் போன்றவைதான் கிடைக்கும், விளம்பரப் பங்கு கிடைக்காது. இதைச் சரியாகச் சொல்லாமல் "500 போதும்" என்று தலைப்பு வைக்கிற வீடியோக்களை நம்பி ஏமாற வேண்டாம்.

கூகுள் கணக்கில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்க வேண்டும். சேனலில் விதிமீறல் ஸ்ட்ரைக் (யூடியூப் போடுகிற தண்டனைக் குறி) எதுவும் நடப்பில் இருக்கக் கூடாது. விளம்பரக் காசு வந்து சேர்கிற கூகுளின் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளி, கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் அப்பா அம்மா பெயரில் கணக்கைத் தொடங்கி இணைத்துக்கொள்ளலாம்.

திட்டத்தில் அனுமதி கிடைத்ததும் யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கிற இடம்) 'ஏர்ன்' பகுதிக்குப் போய் 'வாட்ச் பேஜ்' ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். பதித்த வீடியோக்களின் வருமானமும் இந்த ஒப்பந்தத்துக்குள்தான் வருகிறது. யூடியூபில் பார்ப்பதும், வேறு தளங்களில் யூடியூப் பிளேயர் வழியாகப் பார்ப்பதும் இரண்டும் இதில் அடங்கும். ஷார்ட்ஸுக்குத் தனி ஒப்பந்தம், அதில் பங்கு 45 சதவீதம். அந்த வருமானம் ஷார்ட்ஸ் வரிசையில் இரண்டு வீடியோக்களுக்கு நடுவே வருகிற விளம்பரத்திலிருந்து வருவது. ஆகவே இணையதளத்தில் பதித்துச் சம்பாதிக்க நினைப்பவர்கள் நீளமான வீடியோவையே நம்ப வேண்டும். 8 நிமிடம், அதற்கு மேல் போகிற வீடியோவில் நடுநடுவேயும் விளம்பரம் வைக்கலாம்.

வீடியோ முழுக்க உங்களுடையதுதானா?

புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. ஒரு பாரதக் கூத்தை எடுத்துக்கொள்வோம். திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பந்தல், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கும். நீங்கள் ஒன்பது மணிக்கே கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டிருப்பீர்கள். கட்டியங்காரன் வருவதற்குள் மைக் செட்காரர் நான்கு சினிமாப் பாட்டாவது போட்டிருப்பார். ஆட்டத்துக்கு நடுவே இடைவேளையிலும் போடுவார். நீங்கள் அப்படியே ஏற்றினால், உரிமையுள்ள பாட்டைத் தானாக அடையாளம் காண்கிற யூடியூபின் கன்டென்ட் ஐடி அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். பாட்டின் உரிமை வைத்திருக்கிற இசை நிறுவனத்தின் பெயரில் கிளெய்ம் (உரிமைகோரல்) விழும். பாட்டு ஓடியது மூன்று நிமிடம்தான், கூத்து ஓடியது ஐந்து மணி நேரம் என்றாலும், அந்த வீடியோவின் விளம்பரக் காசு அவர்கள் கைக்குப் போகும்.

தீர்வு எளிது. பாட்டு நின்ற பிறகு பதிவைத் தொடங்குங்கள், இடைவேளையில் நிறுத்துங்கள். மைக் செட்காரரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். "அண்ணே, வேஷம் வெளியே வந்த பிறகு பாட்டு வேண்டாம்ண்ணே" என்றால் கேட்டுக்கொள்வார்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால், ஸ்டுடியோவிலேயே அந்தத் துண்டை மட்டும் வெட்டவோ பாட்டொலியை மட்டும் அடக்கவோ வசதி இருக்கிறது. வெட்டியதும் கிளெய்ம் விலகிவிடும்.

அடுத்து, ஆடுகிறவர்களின் உரிமை. கேமரா உங்களுடையது என்பதால் எல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காபிரைட்) சட்டத்தின் 38-ஆவது பிரிவு, மேடையில் நிகழ்த்துகிற கலைஞருக்குத் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டுகளுக்கு நிற்கும். ஆகவே கூத்து வாத்தியாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு முழுத்தாள் போதும். குழுவின் பெயர், ஊர், தேதி, எந்த ஆட்டம் என்பதை எழுதி, "இதைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிடவும், விளம்பர வருமானம் பெறவும் சம்மதம்" என்று ஒரு வரி. வருமானத்தில் குழுவுக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அரிதாரம் பூசிக் கிரீடம் சுமந்து விடிய விடிய ஆடுகிறவருக்குப் பங்கு இல்லாமல், ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தியவருக்கு மட்டும் காசு போவதை நான் ஏற்கமாட்டேன். வருமானம் சின்னதாக இருந்தாலும் பங்கைக் கொடுங்கள். அடுத்த வருஷம் அந்தக் குழு உங்களைத் தேடிக் கூப்பிடும்.

எருது விடும் விழாவுக்கு வேறொரு சிக்கல். மாடு முட்டித் தூக்குவது, ரத்தக் காயம், வாலை முறுக்கி இழுப்பது போன்ற காட்சிகள் இருந்தால் பெரும்பாலான விளம்பரதாரர்கள் அந்த வீடியோவில் வரமாட்டார்கள். ஸ்டுடியோவில் டாலர் குறி மஞ்சளாகிவிடும், வருமானம் சுருங்கும். காளை ஓடிய நேரத்தைத் திரையில் போட்டு, வளர்த்தவரிடம் தீவனம் என்ன, பயிற்சி என்ன என்று பேசி எடுத்த வீடியோவுக்கு அந்தத் தொல்லை குறைவு. பார்க்கிறவர்களும் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பிறர் எடுத்த அருவி வீடியோவை இறக்கி, மேலே உங்கள் லோகோவை ஒட்டி ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது திருட்டு. சொந்தக்காரர் புகார் கொடுத்தால் ஸ்ட்ரைக் விழும். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். புகார் வராவிட்டாலும், 'மறுபயன்பாடு' என்று சொல்லிப் பார்ட்னர் திட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

பிறர் பதிக்கலாமா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்

ஸ்டுடியோவில் வீடியோவின் விவரப் பக்கத்தைத் திறந்து 'ஷோ மோர்' என்பதைத் தொட்டுக் கீழே போனால், 'அலோ எம்பெடிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் இருந்தால் யாரும் தங்கள் தளத்தில் பதிக்கலாம். எடுத்துவிட்டால், பிற தளங்களில் வீடியோ ஓடாது, யூடியூபில் மட்டும் ஓடும்.

டிக்கை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். உங்கள் மாங்கூழ் ஆலை வீடியோவை ஒரு விவசாயத் தளம் பதித்தால், அங்கே பார்க்கிறவரின் விளம்பரக் காசும் உங்களுக்குத்தான் வருகிறது. அவர்கள் செலவில் உங்களுக்கு ஆள் சேர்கிறது. வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோ மட்டும் பெரும்பாலான பிற தளங்களில் ஓடாது என்பதை நினைவில் வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும்போது லிங்காகவே அனுப்புங்கள். வீடியோவை ஃபைலாக அனுப்பினால் அது ஊர் முழுக்கச் சுற்றும், பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள், உங்கள் கணக்கில் ஒரு வியூகூட ஏறாது.

பக்கத்தில் பதிக்கும் முறை

கம்ப்யூட்டரில் யூடியூபைத் திறந்து, வீடியோவுக்குக் கீழே 'ஷேர்', அதில் 'எம்பெட்' என்று போனால் ஐஃப்ரேம் என்று தொடங்குகிற ஒரு கோடு வரும். அதை நகலெடுத்து உங்கள் பக்கத்தின் எச்டிஎம்எல் பகுதியில் ஒட்ட வேண்டும். போன் செயலியில் இந்தக் கோடு கிடைக்காது. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிரவுசரில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டுத் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் வீடியோவின் லிங்கைத் தனி வரியில் ஒட்டினாலே போதும், தானாகப் பிளேயராக மாறிவிடும்.

அளவில் கவனம் தேவை. பிளேயர் குறைந்தது 200 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம் இருக்க வேண்டும் என்பது யூடியூபின் விதி. இது பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் உங்கள் பக்கத்தைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது போன்தான். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஒரு பக்கத்தின் அகலம் 360 பிக்சல் என்ற கணக்கில் வரும். 16-க்கு 9 என்ற விகிதத்தில் பிளேயர் முழு அகலத்துக்கும் நின்றால் உயரம் 202. மயிரிழையில் தப்புகிறது. இரண்டு பக்கமும் இருபது இருபது பிக்சல் ஓரம் விட்டு ஒரு தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) போட்டால் அகலம் 320 ஆகிவிடும், உயரம் 180-க்கு இறங்கிவிடும். ஆகவே வீடியோ மட்டும் ஓரம் இல்லாமல் திரை அகலத்துக்கு நிற்கும்படி தீமில் மாற்றுங்கள். பக்கத்தை வெளியிடுவதற்கு முன் ஒரு விலைகுறைந்த போனில் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பிளேயருக்கு மேல் எதையும் போர்த்தக் கூடாது. 'எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள்' என்ற பச்சைப் பட்டன் பிளேயரின் மூலையை மறைத்தபடி நிற்பதை எத்தனையோ தளங்களில் பார்க்கலாம். அதுவும் விதிமீறல்தான். யூடியூபின் சின்னத்தையோ, ஓட்டும் நிறுத்தும் பட்டன்களையோ மறைப்பதும் அப்படியே.

ஆட்டோபிளேயை விட்டுவிடுங்கள். பக்கம் திறந்ததுமே வீடியோ தானாக ஓடினால் வியூஸ் குவியும் என்று நினைத்துச் சிலர் கோடில் அதைச் சேர்க்கிறார்கள். பதித்த வீடியோ தானாக ஓடினால் அது வியூ கணக்கில் ஏறாது என்று யூடியூபே சொல்லியிருக்கிறது. பார்க்கிறவர் விரலால் தொட்டு ஓடவிட வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர் போனில் திடீரென்று பம்பையும் உடுக்கையும் அலறினால் அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார் என்பது வேறு.

பக்கத்தில் வேறு விளம்பரம் போடுவது

வீடியோவுக்குள் ஓடுகிற விளம்பரம் ஒன்று, வீடியோவைச் சுற்றிப் பக்கத்தில் நிற்கிற விளம்பரம் இன்னொன்று. இரண்டாவது, இணையதளக்காரருக்கு வரக்கூடிய காசு. 2018-இல் கூகுள் ஆட்சென்ஸ் தமிழையும் சேர்த்துக்கொண்டதால், தமிழில் எழுதிய தளத்துக்கே இப்போது விண்ணப்பிக்கலாம். ஆனால் விதி கறாரானது.

யூடியூபின் பயன்பாட்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. யூடியூப் வீடியோக்கள் மட்டுமே இருக்கிற பக்கத்திலோ, அந்த வீடியோக்களையே முக்கிய ஆதாரமாகக் காட்டி விளம்பரம் பிடிக்கிற பக்கத்திலோ விளம்பர இடம் விற்கக் கூடாது. ஆட்சென்ஸும் தன் பங்குக்கு, பிறர் ஆக்கங்களை எடுத்துப் பதித்துவிட்டுச் சொந்தமாக எதுவும் சேர்க்காத பக்கங்களில் விளம்பரம் கூடாது என்கிறது. ஆக, 'சிறந்த 20 ஒகேனக்கல் வீடியோக்கள்' என்று இருபது பிளேயரை அடுக்கிவிட்டு, ஓரத்தில் தருமபுரி நகைக்கடையின் பேனரை மாட்டினால் அது விதிமீறல். ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்தாலும் அப்படிப்பட்ட தளம் தேறாது.

எப்படி இருந்தால் தேறும்? வீடியோவை எடுத்துவிட்டாலும் அந்தப் பக்கத்தில் படிக்க விஷயம் இருக்க வேண்டும். மாங்கனிக் கண்காட்சி வீடியோ என்றால், பெங்களூரா ரக மாம்பழம் எதற்குப் போகிறது, மாங்கூழ் ஆலைகள் ஏன் அதையே கேட்கின்றன, மல்கோவாவும் செந்தூராவும் எந்த நேரத்தில் சந்தைக்கு வரும், இந்த வருஷம் பூ எப்படி, காய் எப்படி, தோப்புக்காரர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். ஒகேனக்கல் என்றால், காவிரியில் நீர்வரத்து கூடும்போது பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுவார்கள், கிளம்புவதற்கு முன் எங்கே விசாரிக்க வேண்டும், பென்னாகரத்திலிருந்து எப்படிப் போவது என்று எழுதுங்கள். அந்த எழுத்துக்கு நடுவே உங்கள் வீடியோ இருக்கட்டும். அப்போது வீடியோவுக்குள் வருகிற விளம்பரத்தில் சேனல் வழியாக ஒரு பங்கு, பக்கத்தில் வருகிற விளம்பரத்தில் ஆட்சென்ஸ் வழியாக ஒரு பங்கு, இரண்டும் முறைப்படி உங்களுக்கு வரும். ஆட்சென்ஸ் பேனரைப் பிளேயருக்கு மேலேயோ உள்ளேயோ வைக்க மட்டும் முயலாதீர்கள்.

உள்ளூர்க் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் ஜவுளிக்கடை, ஃபர்னிச்சர் கடை, மனை விற்பவர்கள் தேடி வருவார்கள். தங்களிடம் தயாராக இருக்கிற முப்பது வினாடி விளம்பரப் படத்தைக் கொடுத்து, "இத உங்க வீடியோ நடுவுல சேத்துருங்க" என்பார்கள். அப்படி விளம்பரதாரர் தயாரித்த படத்தை வீடியோவுக்குள் ஒட்டுவதை யூடியூப் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதில் நீங்களே கேமரா முன் நின்று அந்தக் கடையைப் பற்றிச் சொல்லலாம். அப்படிச் செய்யும்போது ஏற்றும் பக்கத்தில் 'பெய்டு புரமோஷன்' கட்டத்தில் டிக் போட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பேசுவதைப் பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவை அங்கீகாரம் பெற்றது என்று சொல்லச் சொன்னால், எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். நம்பி வாங்கப்போவது உங்கள் ஊர் ஜனம்.

செய்யவே கூடாதவை

உங்கள் பக்கத்தில் வருகிற விளம்பரத்தை நீங்கள் தொடக் கூடாது. வீட்டில் இருப்பவர்களையும் தொடச் சொல்லக் கூடாது. "வீடியோ பாத்துட்டு அந்த ஆட ஒரு தடவ தட்டி விடுங்க" என்று குழுவில் போடுவது கணக்கைக் காலி செய்யும். நாலைந்து போனில் ராத்திரி முழுக்கச் சொந்த வீடியோவை ஓடவிடுவதும், 'நீ என் சேனலைச் சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உன்னுடையதைப் பண்ணுகிறேன்' என்று குழு அமைப்பதும், வியூஸ் விற்பவர்களிடம் காசு கொடுப்பதும் இதே கணக்குதான். கூகுள் இதைச் செல்லாத டிராஃபிக் என்று கழித்துவிடும். மீண்டும் மீண்டும் நடந்தால் ஆட்சென்ஸ் கணக்கை முடக்கிவிடும். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பதால், முடங்கிய பிறகு இன்னொன்று தொடங்கிச் சமாளிக்க முடியாது.

காசு கைக்கு வருவது

ஆட்சென்ஸ் கணக்கில் பெயரை எழுதும்போது நிதானமாக எழுதுங்கள். நமக்கு முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் பெயர். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். ஆதாரில் இன்னொரு மாதிரி. இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் பணம் திரும்பிப் போவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. முதலில் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு, அதே எழுத்துகளை ஆட்சென்ஸில் போடுங்கள்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அது சாதாரணத் தபாலில்தான் வரும், ரெஜிஸ்தர் கிடையாது. கதவு எண், தெரு, கிராமம், அஞ்சல், வட்டம், ஊரின் அஞ்சல் குறியீடு என்று முழுசாக எழுதுங்கள். மலைக் கிராமம், காட்டுக்கொட்டாய் என்றால் தபால்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். போன் எண் எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். நான்கு மாதத்துக்குள் தபாலில் வந்த பின் நம்பரை ஆட்சென்ஸில் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தபால் வரவில்லை என்றால் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். யூடியூப் வருமானத்துக்குத் தனி 100, இணையதள ஆட்சென்ஸுக்குத் தனி 100, இரண்டையும் கூட்டிப் பார்க்கமாட்டார்கள். யூடியூபில் ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 7 முதல் 12 தேதிக்குள் முடிவாகும், 21 முதல் 26 தேதிக்குள் அனுப்பப்படும். வெளிநாட்டுப் பணம் என்பதால் ஸ்விஃப்ட் கோட் (வங்கியின் சர்வதேச அடையாளக் குறியீடு) தேவை. சின்ன ஊர்க் கிளைகளுக்கு அது தனியாக இருக்காது, எந்தக் கிளையின் கோடைப் போட வேண்டும் என்று உங்கள் வங்கியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வரிப் படிவத்தைப் பலர் பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதுதான் நஷ்டம். டபிள்யூ-8பென் என்ற அந்தப் படிவத்தை ஆட்சென்ஸுக்குள்ளேயே நிரப்பலாம், வெளிநாட்டு வரி எண் கேட்கிற இடத்தில் பான் எண்ணைப் போட வேண்டும். மாதம் 1000 டாலர் வருகிறது, அதில் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்தது 100 டாலர் என்று வையுங்கள். படிவம் கொடுக்காவிட்டால் மொத்தத்திலும் 24 சதவீதம், அதாவது 240 டாலர் வரை பிடிப்பார்கள். படிவம் கொடுத்து, இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்தையும் அதில் குறிப்பிட்டால், அந்த 100 டாலருக்கு மட்டும் 15 சதவீதம், அதாவது 15 டாலர்தான் பிடிப்பு. ஓசூர், பர்கூர் பக்கத்திலிருந்து படித்து அங்கே போய் வேலை பார்க்கிறவர்கள் ஊர்த் திருவிழா வீடியோவை ஆசையாகப் பார்ப்பார்கள், ஆகவே அந்தப் பங்கு உங்களுக்கும் வரும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படிவத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள்.

இங்கே வருமான வரிக் கணக்கிலும் இந்தப் பணத்தைக் காட்ட வேண்டும். ரூபாயில் வரவான தொகையை மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பெட்ரோல், கேமரா, இணையக் கட்டண ரசீதுகளையும் சேர்த்துவையுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யார் பதித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது

ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் 'டிராஃபிக் சோர்ஸ்' என்ற பகுதியில் 'எக்ஸ்டர்னல்' என்பதைத் திறந்தால், எந்தெந்தத் தளங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்ற பட்டியல் வரும். மாதம் ஒருமுறையாவது பாருங்கள். தக்காளி மண்டி வீடியோவை ஒரு வேளாண்மைத் தளம் பதித்திருந்தால் அந்தத் தளத்துக்கு எழுதுங்கள், அடுத்த சீசனில் நீங்கள் எடுக்கப்போவதையும் சொல்லுங்கள். சூதாட்டத் தளமோ ஆபாசத் தளமோ பதித்திருந்தால், அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் 'அலோ எம்பெடிங்' டிக்கை எடுத்துவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வீடியோவைப் பதிக்காமல் இறக்கித் தங்கள் தளத்திலேயே ஏற்றியிருந்தால் அது இந்தப் பட்டியலில் தெரியாது, நீங்களே தேடித்தான் பிடிக்க வேண்டும். அது யூடியூபிலேயே வேறு சேனலில் இருந்தால் காபிரைட் புகார்ப் படிவம் கொடுக்கலாம். வேறு தளத்தில் இருந்தால் அந்தத் தளத்தாருக்கும் அதன் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். புகாரோடு அனுப்ப உங்கள் மூல ஃபைலும் கூத்து வாத்தியாரின் சம்மதத் தாளும் கைவசம் இருக்கட்டும்.